பரிந்துரையும் பரிசும்

(கரையான்சாவடியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பரிந்துரையும் பரிசும் என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு நம் செயலாளர் அவர்கள் பணித்தனர். தமிழாசிரியன் ஒருவன் பேசுதற்குரிய பொருளோ இது என்று சிலர் ஐயுறலாம். மேலெழப் பார்ப்போர்க்கு இது வாணிகத்தைப் பற்றிய வினாவாகவே தோன்றும். உண்மையில் இது சொல்லைப் பற்றிய வினா. ஒருவர் சொல்லை மற்றொருவர் எதனால் நம்புகின்றார் என்பதைப் பற்றிய வினா. சொல்லை ஆராய்வது என் தொழிலாதலின் துணிந்து பேச முற்பட்டேன்.

முதற்கண் பொருள் இன்னதென விளக்குவேன். ஒரே பொருளை வாங்கினோர் கைப்பேசி வழியே குழு அமைத்துக்கொள்ளுதல் இக்காலத்து வழக்கமாயிற்று. மின்சார ஸ்கூட்டர் வாங்கினோர்க்கு ஒரு குழு. கார் வாங்கினோர்க்கு ஒரு குழு. அடுக்குமாடியில் வீடு வாங்கினோர்க்கு ஒரு குழு. ஓசூர் உள்ளிட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் எழுந்தபின், அம்பத்தூர்க்கும் திருப்பெரும்புதூர்க்கும் வேலைக்குச் செல்லும் நம் இளைஞர் பலர் அவ்வண்டிகளை வாங்கியிருக்கின்றனர். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வண்டி மெய்யாக எத்தனை கிலோமீட்டர் ஓடும், மழைநீர் தேங்கிய சாலையைத் தாங்குமா, பழுதுற்றால் சர்வீஸ் நிலையத்தில் எத்தனை நாள் காத்திருத்தல் வேண்டும் என்பனவற்றை எல்லாம் அக்குழுவிற் கேட்டறியலாம். கம்பெனியாரின் விளம்பரத்தில் இவற்றுட் பாதியும் இராது. ஆதலின் இக்குழுக்கள் பெரும்பயன் உடையன என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்தேதான் 'ரெபரல் கோடு' என்பது நுழைகின்றது. எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு ஒன்றைக் கம்பெனியார் ஒவ்வோர் உரிமையாளர்க்கும் அளிக்கின்றனர். புதிதாக வாங்குவோர் அக்குறியீட்டைப் பதிந்து வாங்கினால் அவர்க்குச் சிறிது தள்ளுபடி கிடைக்கும். குறியீட்டுக்கு உரியவர்க்கு ஒரு பரிசு கிடைக்கும். பணமாகவோ, கூப்பனாகவோ, இலவச சர்வீஸாகவோ அப்பரிசு வரும். செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்தற்குரிய பொருட்செலவை, வாங்கியவர் நாவுக்கே கூலியாகக் கொடுத்துவிடுதல் இதன் உட்கருத்து.

அமெரிக்க நாட்டு டெஸ்லா என்னும் கார்க் கம்பெனியின் வரலாறு இதனை நன்கு விளக்கும். 2015-ஆம் ஆண்டில் அக்கம்பெனியார், வாங்குவோர்க்கு 1,000 டாலரும் பரிந்துரைத்தோர்க்கு 1,000 டாலரும் என ஏற்பாடு செய்தனர். பின்னர், மிகப் பலரைச் சேர்த்தோர்க்கு 'ரோட்ஸ்டர்' என்னும் விலையுயர்ந்த காரையே தள்ளுபடியிலும் இலவசமாகவும் தருவதாக அறிவித்தனர். காணொளி வழியே அக்காரைப் பற்றிப் பேசிவந்த உரிமையாளர் சிலர் அப்பரிசுக்குத் தகுதி பெற்றனர். 2020-இல் வெளிவரும் எனப்பட்ட அந்த ரோட்ஸ்டரோ அவ்வாண்டில் வரவில்லை. 2019 பிப்ரவரியில் அவ்வேற்பாடு நிறுத்தப்பட்டது. அது கார்களின் செலவை மிகுவிக்கின்றது என்று கம்பெனித் தலைவர் ஈலான் மஸ்க் காரணங் கூறினார். சில வாரங்களிலேயே சிறிய பரிசுகளோடு மீண்டும் அது தொடங்கிற்று. இதனால் அறியக் கிடப்பது யாது? இலவசம் என்று ஒருவர் மகிழும் பரிசு, பின்வருவோர் கொடுக்கும் விலையுள் அடங்கியே கிடக்கின்றது என்பதாம்.

இனி, பரிசு பெறுதல் குற்றமா என்னும் வினாவுக்கு வருவோம். குற்றமன்று என்பதே என் விடை. உழைத்தவர்க்குக் கூலி உண்டு. வாணிகத்துக்குத் தரகு உண்டு. தரகு என்பது நம் நாட்டுக்குப் புதியதும் அன்று, இழிந்ததும் அன்று. மாட்டுச் சந்தையைப் பார்த்தோர் அறிவர். தரகர் தம் கையைத் துண்டால் மூடி, விரலைப் பற்றி விலை பேசுவார். விரலால் பேசிய விலை அருகில் நிற்போர்க்குத் தெரியாது. ஆயினும் அவர் தரகர் என்பதும், மாடு கைம்மாறினால் அவர்க்குக் காசு உண்டு என்பதும் சந்தைக்கு வந்த சிறுவனும் அறிவான். அதனால் அவர் மாட்டைப் புகழும்போது கேட்போர் அப்புகழ்ச்சியிற் பாதியைத் தள்ளிவிட்டே கொள்வர். அங்கே விலை மறைவு, தரகு வெளிப்படை. இக்காலத்துப் பரிந்துரையிலோ விலை வெளிப்படை, தரகு மறைவு. குற்றம் முழுதும் இந்த மாற்றத்தில் அடங்கியிருக்கின்றது.

விற்பவன் சொல்லைக் கேட்போர் நிறுத்துப் பார்த்துக் கொள்கின்றனர். நண்பன் சொல்லையோ நிறுக்காமலே கொள்கின்றனர். பரிசை மறைத்துப் பரிந்துரைப்பவர், விற்பவன் சொல்லை நண்பன் சொல்லின் விலைக்கு மாற்றிக் கொடுக்கின்றார். அவர் கூறியது அத்தனையும் மெய்யாகவே இருக்கலாம். வண்டியும் நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஆயினும் கேட்டவர், தாம் எத்தகையவர் சொல்லைக் கேட்கின்றோம் என்பதை அறியாது கேட்டார். அறிந்திருந்தால் இன்னும் ஒருவரைக் கேட்டிருப்பார். அந்த உரிமையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது தவறு.

இதனினும் நுண்ணிய தீங்கு ஒன்று உண்டு. பரிசு பேசுதலை மாத்திரம் மாற்றுவதில்லை; பேசாமையையும் மாற்றுகின்றது. தம் குறியீட்டைக் குழுவில் இட்ட ஒருவர், மறுநாள் தம் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் அதனைக் குழுவில் எழுதுவாரா? எழுதக் கைவராது. பொய் ஒன்றும் அவர் சொல்லவில்லை. ஒரு மெய்யைச் சொல்லாது விட்டார், அவ்வளவே. பத்துப் பேர் இவ்வாறு வாளாவிருப்பின், பதினோராவதாக வருபவர் அக்குழுவில் புகழுரையே கண்டு ஏமாறுவார். பொதுவில் நின்று பயன்தந்த குழு ஒரு கடைத்தெருவாகிவிடும். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி எனச் சாவடிப் பெயர்கள் தொடர்ந்து வருகின்றன. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி, வந்த வழியின் நன்மை தீமைகளைப் போகின்றவர்க்கு உரைக்கும் பொதுவிடம். அங்கே அமர்ந்திருப்போர் ஒவ்வொருவர்க்கும் ஏதோ ஒரு கடைக்காரன் மறைவாகக் கூலி கொடுத்திருந்தால், வழி கேட்பவன் யாரை நம்புவான்?

அரசாங்கமும் இதனை உணர்ந்திருக்கின்றது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வழி, 2022 ஜூன் மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளம்பரங்களைப் பற்றிய நெறிமுறைகளை வெளியிட்டது. பரிந்துரைப்பவர்க்கும் விற்பவர்க்கும் இடையே, பரிந்துரையின் நம்பகத்தைப் பாதிக்கக்கூடிய தொடர்பு இருந்து, அதனைக் கேட்போர் எதிர்பார்த்திருக்க இயலாதாயின், அத்தொடர்பை முழுதும் வெளிப்படுத்தல் வேண்டும் என்பது அந்நெறிகளுள் ஒன்று. தவறான விளம்பரத்துக்குத் துணைநின்று பரிந்துரைப்போர்க்கு முதன்முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுமுறை 50 லட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்க அச்சட்டம் இடந்தருகின்றது. அமெரிக்க நாட்டு வாணிப ஆணையம் இத்தகைய நெறியை 1980-ஆம் ஆண்டிலேயே வகுத்தது. நோயாளியை அனுப்பியதற்காக மருத்துவர் கமிஷன் கொடுத்தலும் பெறுதலும் கூடாது என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் விலக்கின. இச்சட்டங்கள் நம் தெருக் குழு வரையில் வருமோ வாராவோ, அவற்றின் காரணம் நம் வீட்டு வாயில் வரையில் வருகின்றது.

வண்டியொன்றைப் பற்றி இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ என்று நீவிர் கேட்கலாம். வண்டி பிழைத்தால் சில ஆயிரம் ரூபாய் நட்டம், அது போகட்டும். ஆனால் மறைத்துப் பரிசு பெறும் பழக்கம் வண்டியோடு நிற்பதில்லை. சென்னை அமைந்தகரையில் இருந்த ஆருத்ரா என்னும் நிறுவனத்தின் செய்தியை எல்லீரும் அறிவீர். மாதந்தோறும் நூற்றுக்கு முப்பது வரையில் வட்டி தருவதாகக் கூறி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது என்பது தமிழ்நாடு பொருளாதாரக் குற்றப்பிரிவினர் 2022-ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கு. அவ்வொரு லட்சம் பேரும் விளம்பரத்தைக் கண்டு மாத்திரம் வந்தவரல்லர். மைத்துனர் சொன்னார், உடன் வேலை செய்பவர் சொன்னார், எதிர்வீட்டு அம்மாள் சொன்னார் என்று வந்தவர் பலர். சொன்னவருட் பலர் தாமும் பணத்தைக் கட்டியவரே; ஆள் சேர்த்ததற்குக் கமிஷன் பெற்றவரும் அவருள் இருந்தனர். பணம் போயிற்று, பணத்தோடு உறவும் போயிற்று. ஆள்சேர்ப்பின்மேல் ஓடும் பணச்சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டிலேயே மத்திய சட்டம் ஒன்று தடை செய்துள்ளது. இருந்தும் அவை புதுப்புதுப் பெயரோடு வருகின்றன.

மின்சார ஸ்கூட்டரின் பரிந்துரையையும் இத்தகைய திட்டத்தையும் ஒன்றென்று யான் கூறவில்லை. முன்னதில் மெய்யான பொருள் ஒன்று கைக்கு வருகின்றது. பின்னதில் பின்வருபவன் பணமே முன்வந்தவனுக்கு வட்டியாகின்றது. வேற்றுமை பெரிது. ஆயினும் இரண்டும் ஒரே வாயிலின் வழியே வீட்டுக்குள் நுழைகின்றன. அவ்வாயிலின் பெயர் 'நம்மவர் சொன்னார்' என்பது.

என் தொழிலிலும் இஃது உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடியுங் காலத்தில், கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும் தரகர் பள்ளிகளை நாடி வருவர். ஒரு மாணவனைச் சேர்த்தால் இவ்வளவு என்று ஆசிரியரிடம் பேசுவர். என்னிடமும் வந்திருக்கின்றனர், தேநீரும் அருந்தாமல் திரும்பியிருக்கின்றனர். மகனை எந்தக் கல்லூரியிற் சேர்க்கலாம் என்று கேட்டு வரும் தகப்பனார் என் தமிழ்ப் புலமையை நாடி வருவதில்லை. இவனுக்கு இதில் ஆதாயம் ஒன்றும் இல்லை என்னும் நம்பிக்கையால் வருகின்றார். அவர் அடகு வைக்கப் போவது நிலத்தை. அம்மாணவன் கொடுக்கப் போவது நான்கு ஆண்டுகளை. வண்டியைத் திரும்ப விற்கலாம். நான்கு ஆண்டுகளை யாரிடம் விற்பது?

தமிழ் நூலார் இதனை எங்ஙனம் கருதினர் என்பதும் நோக்கற்பாலது. வாணிகர்க்குரிய அறத்தைத் திருவள்ளுவர் பொருட்பாலில் வைத்தாரல்லர். அறத்துப்பாலில், நடுவு நிலைமை என்னும் பன்னிரண்டாம் அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே நல்ல வாணிகம் என்பது அவர் கருத்து. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடும் பட்டினப்பாலையும், அவர் கொள்வதை மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும், வெளிப்படக் கூறி விற்றனர் என்றே பெருமைப்படுத்துகின்றது. நடுவு என்பது இருபக்கத்தையும் ஒப்பப் பார்க்கும் நிலை. ஒரு பக்கத்திலிருந்து மறைவாகக் கைநீட்டி வாங்கியவர் நடுவில் நிற்பதாகச் சொல்லுதல் கூடுமோ?

ஆதலின் நம் சங்கத்தார் கைக்கொள்ளத் தக்கனவாக நான்கினைக் கூறுகின்றேன்.

முதலாவது, பரிசு உண்டாயின் அதனைப் பரிந்துரைக்கு முன்னரே சொல்லுக. "இதனை நீங்கள் வாங்கினால் எனக்கு இவ்வளவு வரும்" என்று ஒரு வரி போதும். சொல்ல நாணம் உண்டாகுமாயின், அப்பரிசு கொள்ளத்தக்கதன்று என்பதற்கு அந்நாணமே சான்று.

இரண்டாவது, புகழ்ந்த வாயால் குறையையும் சொல்லுக. பரிசு பெற்றவர்க்கு இக்கடமை மற்றவரினும் மிகுதி.

மூன்றாவது, கேட்டவர்க்குச் சொல்லுக, கேளாதவர்மேற் சுமத்தற்க. திருமணப் பந்தலிலும் துக்க வீட்டிலும் குறியீட்டை நீட்டுவது உறவை விற்பதாகும்.

நான்காவது, பிழைத்தால் மீட்க இயலாதவற்றில் பரிசே கொள்ளற்க. சேமிப்புப் பணம், மருத்துவம், பிள்ளைகளின் கல்வி ஆகிய மூன்றிலும் பரிந்துரை கைக்கூலியின்றி இருத்தல் வேண்டும்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் உறுப்பினரின் முகவரிகளும் தொலைபேசி எண்களும் சங்கத்தின் கையில் உள்ளன. அவற்றை வாணிகத்துக்குப் பயன்படுத்த எவர்க்கும் இடந்தரல் ஆகாது. சங்கத்தின் வாட்ஸப் குழுவில் குறியீடு இடுவோர், பரிசின் அளவையும் உடன் எழுத வேண்டும் என்று ஒரு விதி செய்யலாம். அவ்வாறு வரும் பரிசிற் பாதியை ஏழை மாணவரின் கல்வி நிதிக்குக் கொடுக்க ஒருவர் முன்வருவாராயின் மிக நன்று. அதனால் பரிசும் வெளிப்படும், பயனும் பொதுவாகும்.

நம் முன்னோர் இச்சங்கத்தை நிறுவியது, ஒருவர்க்கொருவர் கைதூக்கி விடுதற்கே. கல்வியிலும் தொழிலிலும் நாம் அடைந்த உயர்வுக்கு, 'நம்மவர் சொன்னால் நம்பலாம்' என்னும் பற்று ஒரு காரணம். நம்மை ஏமாற்ற வருவோர் முதலில் தேடுவதும் அப்பற்றையே. ஊராரிடம் பத்து நாளில் முடியாத வாணிகம் ஒரு குலத்தாரிடம் ஒரே நாளில் முடிந்துவிடும் என்பது அவர்க்குத் தெரியும். அந்நம்பிக்கை ஒருவர்க்கு உரிய சொத்தன்று. எல்லார்க்கும் பொதுவாகிய ஏரி. அதன் மடையைத் தம் வயலுக்கு மாத்திரம் இரவில் திறந்துகொள்பவர், தம் பிள்ளைகள் பருகும் நீரையே வீணாக்குகின்றார். தரகு பெறுவோர் தரகராக நின்று வெளிப்படையாகப் பெறுக. உறவினராகப் பேசுவோர் உறவினராகவே பேசுக. இரண்டையும் கலவாதிருத்தலே நம் சங்கத்துக்கு அழகும் காவலும் ஆகும்.