மலை மூஞ்சூறு: ஒரே ஐடி, ரெண்டு யூசர்

சங்கரன்கோவில்ல இருந்து பேசுறேன். பார்க்கிற வேலை சாப்ட்வேர், ஆனா இன்னைக்கு எபிசோட் மூஞ்சூறு பத்தி.

முதல்ல ஒரு விஷயம். மூஞ்சூறு எலி கிடையாது. எலி கொறிக்கும், இது பூச்சி, புழுவைப் பிடிச்சுத் தின்னும். நம்ம தென்மாவட்ட வறண்ட நிலங்களில் வாழும் முள்ளெலிதான் இதுக்கு நெருங்கின சொந்தம்.

ராத்திரி வீட்டுச் சுவர் ஓரமா ஓடுற மூஞ்சூறு எல்லாருக்கும் தெரியும். அதே பேரினத்தில் மலைவாசிகளும் உண்டு. 1850-ல் இலங்கை மலைகளில் வாழும் ஒண்ணுக்கு கெலார்ட் என்ற மருத்துவர் 'மொன்டானஸ்' என்று பேர் வைத்தார். அடுத்த வருஷமே, 1851-ல், இந்திய மூஞ்சூறு ஒண்ணுக்கு ஹார்ஸ்ஃபீல்ட் 'நைஜர்' என்று பேர் வைத்தார். ரெண்டும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அதனால பின்னாடி வந்தவங்க மெர்ஜ் பண்ணிட்டாங்க: தென்னிந்தியா, இலங்கை, ரெண்டு இடத்திலும் மொன்டானஸ்தான்னு.

2008-ல் மீகஸ்கும்புர, ஷ்னைடர் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ரெண்டும் வேற வேற இனம். மொன்டானஸ் இலங்கைக்கு மட்டும்; மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது நைஜர். ஒரே ஐடியில் ரெண்டு யூசர் இருந்திருக்காங்க!

"நடுவுல கடல் இருக்குல்ல, பிரியத்தானே செய்யும்"னு தோணும். ஆனா பனியுகத்தில் கடல்மட்டம் 100 மீட்டருக்கு மேல் இறங்கி, இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் சேர்ந்தே இருந்தன. நடந்தே போயிருக்கலாம். அப்படியும் ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி உயிரினங்கள் நிறைய இருப்பதை 2004-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு தவளை, நண்டு, பாம்பு எல்லாவற்றிலும் காட்டியது. குளிர்ந்த, ஈரமான மலைக்குப் பழகின உயிருக்கு நடுவில் இருக்கும் சமவெளியே பெரிய தடை. நம்ம ஊர் வெயிலை நினைச்சுப் பாருங்க. நமக்கு இது ஊர். மலை மூஞ்சூறுக்கு இதுதான் கடல்.

சரி, பேர் மாறினா என்ன ஆகப்போகுது? ஒரே இனம்னு நினைச்ச வரைக்கும், இங்க காடு அழிஞ்சாலும் இலங்கையில் பேக்கப் இருக்குன்னு சொல்லிக்கலாம். இப்போ அது வேற டேட்டான்னு தெரிஞ்சுபோச்சு. நைஜருக்கு இருக்கிறது இந்த மலை மட்டும்தான். இங்க போனா, ரீஸ்டோர் பண்ண வேற இடமே இல்லை.

அடுத்த தடவை ஊரிலிருந்து மேற்கே தெரியும் அந்த மலைத்தொடரைப் பார்க்கும்போது, இதையும் கொஞ்சம் யோசிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!