வல்லுநர் கோலும் கற்போர் கையும்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலிருந்து தெற்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றால் டாலிகஞ்ச் வரும். அங்கே மதில்களுக்கு அப்பால் பரந்த புல்வெளிகள் இருக்கின்றன. நம்மவருள் பலருக்கு அவை போகிற போக்கில் கண்ணில் படும் பசுமை மட்டுமே. ஆயினும் அலுவலில் உயர்ந்தோ, நண்பரின் அழைப்பை ஏற்றோ அவற்றினுள் நுழைந்து, கோல்ஃப் ஆட்டத்தில் கால் வைத்துவிட்ட தமிழர்களும் இந்நகரில் உண்டு. அவர்களுக்கு முதல் ஆண்டிலேயே ஓர் ஐயம் தோன்றும். கை தேர்ந்தவர்களுக்கென்று செய்த கோல்களைக் கை தேராத நாம் எடுத்து ஆடலாமா? இதனையே இன்று ஆராய எடுத்துக்கொண்டோம்.

பார்வைக்கு இது சிறிய வினாதான். ஆனால் ஒரு முழுத் தொகுதிக் கோல்களின் விலை நடுத்தரக் குடும்பத்தினர் எளிதில் செலவிடக்கூடியதன்று. தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் பயன்படுத்தி விற்கும் பழைய கோல்கள் மலிவாகக் கிடைக்கும்போது, வாங்கலாமா, விடலாமா என்று மனம் தடுமாறுவது இயல்பே. ‘அவை உமக்கு ஆகா’ என்று கடைக்காரரும் சொல்வார், உடன் ஆடுவோரும் சொல்வர். அச்சொல்லில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வழக்கம் என்று பிரித்தறிதல் வேண்டும்.

முதலில் பழைய செய்தி ஒன்று. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-ஆம் ஆண்டு தோன்றியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே எழுந்த கோல்ஃப் சங்கங்களுள் அதுவே மூத்தது. அது தோன்றிய காலத்தில் வல்லுநர் கோல், கற்போர் கோல் என்ற பாகுபாடே இல்லை. மரத்தண்டு கொண்ட கோலையே எல்லோரும் பிடித்தார்கள். எஃகுத் தண்டைப் பிரிட்டனின் விதியாளர்கள் ஏற்றுக்கொண்டது 1929-இல்தான். அதற்குப் பின்னும் நெடுங்காலம் இரும்புத் தலைகள் பட்டையான ஒற்றைத் துண்டாகவே அடிக்கப்பட்டுவந்தன. பந்தை அத்தலையின் நடுவில் வாங்கினால் கைக்கு இனிமை. விளிம்பில் வாங்கினால் மணிக்கட்டு வரை வலி. நம் பாட்டனார் காலத்துக் கொல்கத்தா வணிகத்துரைகளுள் பெரும்பாலோர் தேர்ந்த ஆட்டக்காரர்கள் அல்லர். அவர்களும் இந்தக் கோல்களைக் கொண்டே ஆடினார்கள். ஆதலால் ‘பயன்படுத்த முடியுமா’ என்ற வினாவுக்கு விடை எளிது. முடியும். எதை இழந்து என்பதே கேள்வி.

இந்தப் பாகுபாட்டுக்கு வழி திறந்தவர்களுள் முதன்மையானவர் கார்ஸ்டன் சோல்ஹைம் என்னும் பொறியாளர். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியவர். தம்முடைய பந்து குழிக்குள் உருளாமல் விலகிப்போவதைக் கண்டு சலித்து, கோல் தலையின் எடையை நடுவிலிருந்து எடுத்து இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தார். 1959-இல் ‘பிங்’ என்ற பட்டர் பிறந்தது. பட்டர் என்பது பந்தைக் குழிக்குள் உருட்டும் கோல். 1960-களில் இதே கருத்தை அயர்ன் என்னும் இரும்புக் கோல்களுக்கும் அவர் பொருத்தினார்.

இதன் தத்துவத்தை விளக்க நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தர் கையில் நீண்ட கழியை ஏந்துகிறார். எடை இரு புறமும் தொலைவில் பரவியிருப்பதால் அக்கழி எளிதில் சுழல்வதில்லை. அவரும் எளிதில் சாய்வதில்லை. எடை விளிம்புகளுக்குப் பரவிய கோல் தலையும் அவ்வாறே. பந்து நடுவைவிட்டு ஒரு விரற்கடை தள்ளிப் பட்டாலும் தலை குறைவாகவே திரும்பும். பந்தும் தலையும் தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே. அந்நேரத்தில் தலை திரும்பினால் பந்து திசையும் இழக்கும், தூரமும் இழக்கும். நடுவில் சரியாகப் பட்ட பந்துக்கோ எந்தக் கோலாயினும் பெரிய வேற்றுமை இல்லை. தவறி அடிப்பவர்க்கே வேற்றுமை. கற்போர் தவறி அடிப்பது மிகுதி.

இங்கே டாலிகஞ்சின் மற்றொரு கதை குறுக்கே வந்து நிற்கிறது. ஆட்டக்காரருடன் கோல் பையைச் சுமந்து செல்லும் சிறுவரை ஆங்கிலத்தில் ‘கேடி’ என்பர். தமிழில் அச்சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதால் நாம் ‘கோல் சுமப்போர்’ என்றே சொல்வோம். இந்திய நாட்டுக் கோல்ஃபில் கோல் சுமந்த சிறுவர் பலர் இரவற் கோலையும் பிறர் கழித்த கோலையும் கொண்டே ஆட்டம் பழகினர். யாருக்கென்று செய்த கோல் என்று அவர்கள் கேட்டுப் பார்க்க வழியில்லை. 1978-இல் இந்நகரில் பிறந்த எஸ்.எஸ்.பி. சௌராசியா அவ்வகுப்பைச் சேர்ந்தவர். தந்தையார் ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பேணும் பணியாளர். மகன் பிறர் ஆடுவதைக் கண்டே ஆட்டம் கற்று, 1997-இல் தொழிலாட்டக்காரரானார். 2008-இல் தில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். 2016, 2017 ஆகிய ஈராண்டுகளிலும் இந்தியன் ஓப்பன் பட்டத்தைக் கைக்கொண்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் நாட்டுக்காக ஆடினார்.

இதைக் கேட்டதும், ‘பார்த்தீர்களா, கடினமான கோலே நல்லாசிரியன்’ என்று சொல்பவர் உண்டு. நாம் அவ்வளவு விரைந்து தலையசைக்க மாட்டோம். கோல் சுமந்து, பிறகு ஆட்டத்தில் முன்னேற முடியாமல் போனவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. மேலும், அச்சிறுவர்க்கு வாய்த்தது கோல் அன்று, காலம். புல்தரையருகே பகல் முழுதும் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஞாயிறு காலையில் நான்கு மணி நேரம் மட்டும் ஆடிவிட்டு, திங்களன்று டல்ஹௌசி சதுக்கத்து அலுவலகம் புகும் நம் நண்பர்க்கு அது இல்லை. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று அவரை நகையாடுவதும் முறையன்று. சில வேளைகளில் கூடமும் கோணல்தான்.

ஆயினும் சௌராசியாவின் ஆட்டத்தில் நாம் கற்க ஒன்றுண்டு. அவர் பெயர் பெற்றது குழியருகே ஆடும் நுண்ணாட்டத்தில். அங்கே கைக்கு வருபவை வெட்ஜ் என்னும் குட்டைக் கோல்களும் பட்டரும். வல்லுநர்க்குச் செய்தவற்றுக்கும் மற்றவர்க்குச் செய்தவற்றுக்கும் வேற்றுமை மிகக் குறைவாய் இருப்பது இவ்விரண்டில்தான். வீச்சு சிறியது, தவறும் சிறியது. ஆகவே வல்லுநரின் பழைய வெட்ஜ் ஒன்று மலிவாகக் கிடைத்தால், அதன் முகத்துக் கோடுகள் தேயாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் தயங்காமல் வாங்கலாம். நீண்ட அயர்ன் கோல்களில்தான் துன்பம். மூன்றாம் எண், நான்காம் எண் மெல்லிரும்பை வார ஆட்டக்காரர் விட்டுவிடுதல் நலம். தொழிலாட்டக்காரர்களிலேயே பலர் இன்று அவ்விடத்தில் எளிய கோல்களைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். பையில் பதினான்கு கோல் வரை இருக்கலாம் என்பதே விதி. அவை யாவும் ஒரே குலமாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை.

வங்காளத்து மண்ணையும் மறக்கலாகாது. டாலிகஞ்ச் கங்கை கொணர்ந்த வண்டல் நிலம். மழைக்காலத்தில் நீர் ஊறி நெகிழ்ந்துவிடும். வல்லுநர் கோலின் அடிப்பாகம் ஒடுங்கியது. சற்றுப் பின்னே விழுந்தால் அரிவாள்போல் மண்ணில் இறங்கும். அகன்ற அடிப்பாகம் உள்ள கோல் வழுக்கிக்கொண்டு செல்லும். ஆவணி மாதத்தில் ஒருநாள் ஆடிப்பார்த்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

கோலின் எண்ணும் நம்மை ஏமாற்றும். இக்காலத்துக் கற்போர் தொகுதியில் ஏழாம் எண் அயர்னின் முகச்சாய்வு 30 பாகை அல்லது அதற்கும் குறைவு. வல்லுநர் கோலில் அது ஏறத்தாழ 34 பாகை. ஆகவே கோலை மாற்றியவுடன் பந்து குறுகி விழுந்தால், ‘நம் கையில் வலுவில்லை’ என்று வருந்த வேண்டா. அதில் ஒரு பகுதி எண் செய்த மாயம்.

எல்லாவற்றினும் பெரிது தண்டு. வேகமாக வீசுவோர்க்கென்று பொருத்திய எஃகுத்தண்டு கடினமானது, பெரும்பாலும் 120 கிராமுக்கு மேற்பட்ட எடையுடையது. ஐம்பது வயதைக் கடந்த கைக்கு அது பகை. பழைய கோல் வாங்குவோர் தலையின் வடிவையும் பளபளப்பையும் பார்ப்பர். தண்டின்மேல் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. தலை மனத்துக்குப் பிடித்திருந்தால் தண்டை மட்டும் மாற்றிக்கொள்ள வழியுண்டு. கூலியை முன்னதாக விசாரித்து, கோலின் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். கோலின் முகத்தில் சிறிது பவுடரைப் பூசி, இருபது பந்துகளை அடியுங்கள். ஒவ்வோர் அடிக்கும் பந்து பட்ட இடத்தில் சுவடு விழும். அதைத் தாளில் குறித்துக்கொண்டு, துடைத்து, மீண்டும் பூசுங்கள். குறிகளுள் பெரும்பாலானவை ஒரு ரூபாய் நாணயத்தின் பரப்புக்குள் அடங்கினால், அந்தக் கோலைப் பற்றி எவருடைய அனுமதியும் நீங்கள் கேட்க வேண்டியதில்லை. முகம் முழுதும் சிதறிக் கிடந்தால், வெட்ஜையும் பட்டரையும் மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியை அடுத்த ஆண்டு வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். மலிவு விலைக்காரர் காத்திருப்பார். அத்தகைய கோல்களுக்கு வாங்குவோர் குறைவு.