சாவு வீட்டுக் கானாவும் கலைச் சிகிச்சையும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்து பேசுவது வழக்கம். நம் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இன்னொரு வழக்கம் உண்டு. பந்தலில் உடலை வைத்துக்கொண்டு இரவெல்லாம் கானா பாடுவார்கள். அவர் ஹார்பரில் மூட்டை தூக்கியது, சண்டை போட்டது, கடன் வைத்தது எல்லாம் பாட்டில் வரும். நடுராத்திரியில் கதறிக்கொண்டிருந்த பெண் விடியும்போது சிரித்துக்கூட விடுவார். அந்தப் பாட்டைத்தான் வெகுகாலம் ரவுடிப் பாட்டு என்றார்கள்.

இப்போது ஆர்ட் தெரபி, அதாவது கலைச் சிகிச்சை என்ற சொல் நம் தெருக்களுக்கும் வருகிறது. 1942இல் இங்கிலாந்து ஓவியர் ஏட்ரியன் ஹில் கொண்டுவந்த சொல் அது. காசநோய் மருத்துவமனையில் இருந்தபோது படம் வரைவது தன்னைத் தேற்றியதை அவர் உணர்ந்தார். மற்ற நோயாளிகளையும் வரையவைத்தார். நல்ல காரியம். ஆனால் ஹில்லின் நோய் அவர் உடம்புக்குள் இருந்தது. எண்ணூர்ப் பிள்ளையின் பயம் எங்கே இருக்கிறது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. மீனவர்களே இறங்கி அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் மூச்சுத் திணறி எழுந்து ஓடினார்கள். அப்படி ஓடிய பிள்ளையிடம் கலர் பென்சிலைக் கொடுத்து, “மனசில் இருப்பதை வரை” என்கிறோம். பிள்ளை வரைகிறது. நாம் படத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டால், அந்தக் குழாயை யார் கேட்பது?

பிள்ளை அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காயத்தை மட்டும் பார்த்துவிட்டு, காயப்படுத்தியதைப் பார்க்காத சிகிச்சை, ஜனங்களைச் சும்மா இருக்கப் பழக்கிவிடும். கம்பெனிகளுக்கும் அது வசதி. நிவாரணத்தைவிடக் கிரேயான் பெட்டி மலிவு.

பறையை நினைத்துப் பாருங்கள். ஊர்ச் சாவுக்கு அடிக்க வேண்டும் என்று நம்மீது சுமத்தப்பட்ட வேலை அது. அடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள் ஒரு பக்கம். அதே பறையை நிமிர்ந்து நின்று மேடையில் அடித்தவர்கள் ஒரு பக்கம். இரண்டுமே மருந்துதான். பறை அதேதான், யாருக்காக அடிக்கிறோம் என்பது மாறியது. 2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பு ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை மேடையேற்றியபோது, கானா இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடியது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று ‘சென்னை புறம்போக்கு பாடல்’ பாடினார். சபாக்காரர்களுக்கு எண்ணூர் தெரியவந்தது, சந்தோஷம். குப்பத்துப் பிள்ளைக்குச் சாம்பலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டிய அவசியமில்லை. மைக் அந்தப் பிள்ளை கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். மலக்குழி மரணங்களைத் தொடர்ந்து பதிவு செய்துவரும் ஒளிப்படக் கலைஞர் எம். பழனிகுமார், மீனவர், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா கற்றுத்தருகிறார். பார்க்கப்பட்டவர்கள் பார்ப்பவர்களாகிறார்கள். அந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பயிலரங்கு நடத்த நினைக்கும் மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். படம் பிள்ளைக்குச் சொந்தம். கேட்காமல் எடுத்துப் போகாதீர்கள், முகத்தோடு பரப்பாதீர்கள். பிள்ளையும் வீடும் சம்மதித்தால், கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு மனுவோடு படத்தையும் கொண்டுபோங்கள். தூக்கம் வராத பிள்ளைக்கு டாக்டர் தேவைப்பட்டால் டாக்டரிடம்தான் போக வேண்டும், பறை போதாது. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைக்காதீர்கள். அன்றைக்குத்தான் மார்க்கெட்டில் கூட்டம். வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கும்.