21 வருஷம் பூட்டிக் கிடந்த படம்



1968 ஏப்ரல் மாதம். அமெரிக்காவில் ஆஸ்கர் விழா. சிறந்த வெளிமொழிப் படம் என்று ஒரு செக் படத்தை அறிவிக்கிறார்கள். எடுத்தவருக்கு வயது 30. அவர் எடுத்த முதல் முழுநீளப் படமே அதுதான்! அதே வருஷம் ஆகஸ்ட் 21. பிராக் நகரத் தெருக்களில் சோவியத் டாங்கிகள் உருளுகின்றன. ஏப்ரலில் உலகம் மாலை போட்டது. ஆகஸ்டில் வீட்டு வாசலில் பீரங்கி!

யார் அந்த இளைஞர்? நாடகப் பள்ளி சேர்த்துக்கொள்ள மறுத்த பையன். பிராக் திரைப்படக் கல்லூரியில் ஒட்டகார் வாவ்ராவிடம் பாடம் படித்தவர். அதே வகுப்பிலிருந்துதான் இயக்குநர் வேரா கித்திலோவாவும் வந்தார். அந்த இளைஞரின் பெயர் யிர்ஷி மென்ஸல்! கைதட்டுங்கள் தோழர்களே, அந்தப் பெயருக்குத் தட்டலாம்.

அந்தப் படம் 'குளோஸ்லி வாட்ச்ட் டிரெயின்ஸ்'. கதை செக் எழுத்தாளர் பொஹுமில் ஹ்ராபலுடையது. இரண்டாம் உலகப் போர்க் காலம், நாடு ஜெர்மானியர் பிடியில். ஒரு குட்டி ரயில் நிலையம். ஸ்டேஷன் மாஸ்டர் புறா வளர்க்கிறார். வேலை பழக வந்த மிலோஷுக்கு நாட்டைப் பற்றிய கவலை இல்லை. தான் ஆண்பிள்ளைதானா என்பதே கவலை. அங்கே வேலை பார்க்கும் இன்னொருவர், தந்தி அடிக்கிற பெண்ணின் பின்பக்கத்தில் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்புகளைக் குத்திவிடுகிறார். அதற்கு விசாரணை! அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததைப் பற்றியா கவலைப்பட்டார்கள்? இல்லை! ஸ்டாம்பில் இருந்த ஜெர்மன் மொழிக்கு அவமரியாதையாம்! சிரிக்கிறீர்கள். செக் மக்களும் இப்படித்தான் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பையன் சிக்னல் மேடையில் ஏறி, வெடிமருந்து ரயில் மேல் குண்டைப் போடுகிறான். அவனைச் சுட்டுவிடுகிறார்கள். அவன் உடம்பு அந்த ரயில் மேலேயே விழுந்து போகிறது.

இந்தப் படத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்த ஒருவர் இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் எழுந்து போய்விடுவார். ரயில் பார்சலில் வந்த ரீல் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு மிதித்து வந்த மனிதர் அவர். மேடைக்கு வாருங்கள் என்றால் தலையை ஆட்டுகிறார், பாருங்கள்!

மென்ஸலுக்கு வருகிறேன். 1969இல் மறுபடியும் ஹ்ராபல் கதை, 'லார்க்ஸ் ஆன் எ ஸ்ட்ரிங்'. ஐம்பதுகளின் ஒரு பழைய இரும்புக் கிடங்கு. தத்துவப் பேராசிரியர் அங்கே தகரம் பொறுக்குகிறார். சாக்ஸபோன் வாசித்தவரும் பொறுக்குகிறார். தட்டச்சு இயந்திரங்கள் குவியல் குவியலாக உருக்கப் போகின்றன. தோழர்களே, எழுதுகிற கருவியையே உருக்குகிற ஆட்சி! பக்கத்தில் பெண் கைதிகள். நாட்டை விட்டுத் தப்பப் பார்த்தது அவர்கள் குற்றம். ஓர் இளம் சமையல்காரனுக்கும் ஒரு கைதிப் பெண்ணுக்கும் காதல். கல்யாணத்துக்கு அவளை வெளியே விடவில்லை. மணப்பெண் இடத்தில் ஒரு பாட்டி நிற்கிறார்! கிடங்கிலிருந்து காணாமல் போனவர்கள் எங்கே என்று கேட்டான் மாப்பிள்ளை. அந்த ஒரு கேள்விக்காக அவனையும் சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

கம்யூனிஸ்ட் ஆட்சியாளர்கள் படத்தைப் பூட்டினார்கள். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? 21 வருஷம்! படம் பிடித்தபோது பிறந்த குழந்தைக்கே ஓட்டுரிமை வந்துவிட்டது. 1989 நவம்பரில் பிராக் வீதியில் லட்சக்கணக்கில் மக்கள் இறங்கினார்கள், ஆட்சி போனது. 1990இல் படம் பெர்லினுக்குப் போனது, தங்கக் கரடி விருது வாங்கியது. 21 வருஷத்துப் பழைய படம், அந்த வருஷத்துப் புதுப் படங்களோடு போட்டியிட்டு வாங்கியது! இன்னொரு முறை சொல்கிறேன், 21 வருஷம்! எனக்கு ஆறவில்லை தோழர்களே.

இதை விட்டுவிட்டு, இந்த ஊரிலேயே இன்னொரு மேடையில் சிலர் பேசியிருக்கிறார்கள், மென்ஸல் சமரசம் செய்துகொண்டவர் என்று. 1974இல் அணை கட்டும் தொழிலாளர்களைப் பற்றி ஆட்சிக்குப் பிடித்த மாதிரி ஒரு படம் எடுத்தாராம். எடுத்தார்! வருஷக்கணக்கில் கேமராவைத் தொடவிடாமல் வைத்திருந்தார்களே, அதை ஏன் சொல்லவில்லை? இன்னொரு செக் இயக்குநர் மிலோஷ் ஃபோர்மன் அமெரிக்காவுக்குப் போனார், பெரிய படங்கள் எடுத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மென்ஸல் ஊரிலேயே இருந்தார். இருந்ததால்தான் 1985இல் 'மை ஸ்வீட் லிட்டில் வில்லேஜ்' வந்தது. லாரி ஓட்டும் குண்டு மனிதரும் மந்தபுத்திக்காரப் பையனும். அதுவும் ஆஸ்கர் பட்டியலுக்குப் போனது. ஒரு நாள்கூடத் தணிக்கைக்காரர் கதவைத் தட்டாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் முதுகெலும்பை அளக்க இவர்கள் யார்?

அந்த முதுகெலும்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ஹ்ராபலின் 'இங்கிலாந்து அரசருக்குச் சேவகம் செய்தேன்' நாவலைப் படமாக்க வேண்டும் என்பது மென்ஸலின் தீராத ஆசை. தயாரிப்பாளர் ஒருவர் உரிமையை வேறு கைக்குக் கொடுத்துவிட்டார். 1998, கார்லோவி வாரி திரைப்பட விழா. பிரம்போடு போய், ஊரே பார்க்க அந்தத் தயாரிப்பாளரை அடித்தார்! அடித்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கதைக்காக அறுபது வயதில் பிரம்பெடுக்கிற பற்று இருந்ததே! 2006இல் அந்தப் படத்தை எடுத்தும் காட்டினார்.

நம் நாடும் அவரைக் கொண்டாடியது. 2013இல் கோவா விழாவில் வாழ்நாள் சாதனையாளர் விருது. மும்பை இயக்குநர் சிவேந்திர சிங் துங்கர்பூர் அவரைத் தேடிப் போய், 2018இல் ஏழு மணி நேரத்துக்கும் மேலே ஓடுகிற ஆவணப்படத்தையே தந்தார். 2020 செப்டம்பரில் மென்ஸல் மறைந்தார், 82 வயதில்.

தலைவர் அவர்களே, மேடையிலேயே கேட்கிறேன். அந்த ஏழு மணி நேரப் படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கி இதே அரங்கத்தில் போட வேண்டும். சாப்பாட்டுச் செலவு என்னுடையது. ஓட்டுகிற பொறுப்பு மூன்றாவது வரிசைக்காரருடையது. இந்த முறை தலையை ஆட்ட விடமாட்டோம். தேதியைச் சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்!