முதல் படி பள்ளிக்கூடமே!



'நாடு முன்னேறப் பெரிதும் துணை நிற்பது ஆலையா, பள்ளிக்கூடமா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னே பேசின அண்ணாச்சி பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர்னு அடுக்கிக்கிட்டே போனாரு. 1956-இல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழிலுக்குத்தானே முக்கியத்துவம் கொடுத்தது என்று கேட்டார். உண்மைதான்யா, யார் மறுத்தா? ஆனா அதே காலத்தில் நம்ம மாநிலத்தில் இன்னொரு காரியம் நடந்ததே, அதை மட்டும் அண்ணாச்சி வசதியா மறந்துட்டாரு. (சிரிப்பு)

1954-இல் முதலமைச்சரானார் காமராஜர். சின்ன வயசிலேயே படிப்பை விட்டவர் அவர். பசிக்கிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது அவருக்குப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலே மதியச் சோறு போட்டார். ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. ஜனங்களே பெஞ்சு கொடுத்தாங்க, கரும்பலகை கொடுத்தாங்க, கட்டடமும் கட்டிக் கொடுத்தாங்க.

'அவர் ஆலையும் கட்டினாரே' என்பீர்கள். கட்டினார். கிண்டித் தொழிற்பேட்டை அவர் காலத்தில் வந்ததுதான். ஆனா அந்த ஆலைக்குள்ளே போய் மெஷினை ஓட்ட ஆள் வேணுமே, அவன் எங்கேயிருந்து வந்தான்? பள்ளிக்கூடத்தில் இருந்துதானே! (கைதட்டல்)

எட்டிப் பாருங்க, அதோ மகேந்திரகிரி. இஸ்ரோ அங்கேதான் ராக்கெட் என்ஜின்களைச் சோதித்துப் பார்க்கிறது. அந்த இஸ்ரோவுக்கு 2018-இல் தலைவரானவர் கே.சிவன். நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளை, விவசாயி வீட்டுப் பிள்ளை. அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவர். மலையிலே என்ஜினைக் கொண்டுபோய் வைக்கலாம்; அதை ஓட வைக்கிற மூளையை எந்தத் தொழிற்சாலையில் ஆர்டர் கொடுப்பீங்க? (பலத்த கைதட்டல்)

அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டாரு, அது என்னையும் சுட்டது. 'படிச்ச பையன் இந்த வள்ளியூர் ஸ்டேஷன்ல ரயிலேறி மெட்ராசுக்குப் போயிடுறானே, ஊருக்கு என்ன மிச்சம்?' நியாயமான கேள்வி. வேலை இல்லாத சர்டிபிகேட் பெட்டிக்குள்ளே தூங்குகிற காகிதம்தான், ஒத்துக்கிறேன். ஆலை வேண்டாம்னு நான் சொல்லலை.

ஆனா கூடங்குளத்தைப் பாருங்க. 1988-இல் சோவியத் நாட்டோடு ஒப்பந்தம். முதல் உலையின் மின்சாரம் கம்பியில் ஏறியது 2013-இல். 25 வருஷம்! ஒப்பந்தம் போட்ட அன்னிக்கு பிறந்த பிள்ளை படிச்சு முடிச்சு, கல்யாணத்துக்குப் பெண்ணும் பார்த்தாச்சு. (சிரிப்பு) ஆலை வரட்டும்னு அந்தப் பிள்ளை சும்மா காத்திருந்தா, கதவு திறக்கிற நாளில் அவன் மண் சுமக்கத்தான் போகணும். படிச்சிருந்தா, உள்ளே போய் உட்காரலாம். ஆலை வராமலே போனாலும், போகிற இடத்தில் பிழைச்சுக்குவான்.

நம்ம பக்கத்து வீடுகளில் பாருங்க. அம்மா மடியிலே பீடித்தட்டு. இலையை வெட்டிச் சுருட்டி, நூலைக் கட்டி, முதுகு ஒடிய உட்கார்ந்திருக்கா. அவகிட்டே போய், 'உன் மகளுக்குப் பெரிய தட்டா வாங்கித் தரட்டுமா, பள்ளிக்கூடத்துக்குப் பை வாங்கித் தரட்டுமா'ன்னு கேளுங்க. அவ சொல்லுவா தீர்ப்பு! (நீண்ட கைதட்டல்)

அந்தச் சோற்றை 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2001-இல் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்கப் பள்ளியில் சமைத்த சோறு போடுங்கள் என்று உத்தரவிட்டது. 2022-இல் நம்ம மாநிலத்தில் காலை உணவும் வந்தது. நம்ம பள்ளிக்கூட அடுப்பில் ஏற்றின நெருப்புய்யா அது, இன்னிக்கு நாடு முழுக்க எரியுது!

ஆலை ஒரு ஊருக்கு வரும், ஒரு ஊருக்கு வராது. பள்ளிக்கூட மணி எல்லா ஊரிலும் அடிக்கும். ஆகவே, முன்னேற்றத்துக்கு முதல் படி பள்ளிக்கூடமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அய்யாவைக் கேட்டு அமர்கிறேன்.