காகிதம் கேட்கும் ஜனநாயகம்

(தியாகராய நகரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'ஜனநாயகமும் குடியேற்றமும்: இன்றைய ஆய்வுகள்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் ஐரோப்பாவிலிருந்து தொடங்குவார்கள். நான் இந்தத் தெருவிலிருந்தே தொடங்குகிறேன். வந்தேறி யார் என்பதை முடிவு செய்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது? நம்முடைய கேள்வி இதுதான்.

நாம் உட்கார்ந்திருக்கிற இடம் நூறு வருஷத்துக்கு முன்னால் ஏரி. 1920-களில் ஏரியைத் தூர்த்து மனை போட்டு, நீதிக்கட்சித் தலைவர் தியாகராய செட்டியார் பெயரை வைத்தார்கள். பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை என்று சுற்றிலும் நீதிக்கட்சிப் பெயர்கள்தான். பார்ப்பனரல்லாதார் அரசியலின் வரலாறு இந்தத் தெருப்பலகைகளில் இருக்கிறது. பலகையில் வராத ஒரு வரலாறும் இருக்கிறது. 1921-ல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். கையில் மிச்சமில்லாதவன் எத்தனை நாள் பட்டினி கிடப்பான்? புளியந்தோப்பில் கலவரம் வந்தது, சேரிக் குடிசைகள் எரிந்தன. அப்போது ஆட்சியிலிருந்த நீதிக்கட்சியின் தலைவர்கள், ஆதிதிராவிடர்களுக்கு அரசாங்கம் செல்லம் கொடுப்பதுதான் காரணம் என்றார்கள். எம்.சி. ராஜா 1923-ல் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்ம ஊருக்குத் தேர்தல் வந்த முதல் வருஷங்களிலேயே, இந்த நகரத்தில் உழைக்கிறவனைக் 'கருங்காலி' என்றும் 'சலுகை வாங்குகிறவன்' என்றும் பிரிக்கிற பேச்சும் வந்துவிட்டது. பிறந்த ஊரிலேயே ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவன் நாம். 1931-ல் காந்தியைச் சந்தித்தபோது, எனக்குத் தாய்நாடு என்று ஒன்று இல்லை என்ற பொருளில் பாபாசாகேப் பேசினார் என்றால் அது வெறும் கோபப் பேச்சு அல்ல. நாடற்ற நிலை என்று இன்று ஆய்வாளர்கள் எழுதுவதைச் சேரி தன் அனுபவத்திலேயே அறிந்திருந்தது.

இனி கடல் தாண்டுவோம். குடியேற்றமும் ஜனநாயகமும் மோதிய இடம் ஒன்றை நாம் கட்டாயம் படிக்க வேண்டும் என்றால் அது இலங்கையின் மலையகம்.

1820-களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்னை மாகாணத்திலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் என்று பல சீமைகள். போனவர்களில் பெரும்பான்மையோர் பறையர், பள்ளர், சக்கிலியர். கூட்டிப்போன பெரிய கங்காணிகள் அநேகமாக மேல்சாதிகள். ஊரில் பண்ணையார் என்ன வேலை செய்தாரோ அதைத் தோட்டத்தில் கங்காணி செய்தார். லயத்திலும் சாதி பார்த்தே குடியமர்த்தினார்கள். ஜெயராமன் 1975-ல் வெளியிட்ட ஆய்வும், நார்வேக்காரரான ஹோலுப் 1994-ல் எழுதியதும் தோட்டத்துக்குள் சாதி எப்படித் தொடர்ந்தது என்று விரிவாகப் பேசுகின்றன.

அந்த மக்களுக்குக் கிடைத்த முதல் அடையாள அட்டை எது தெரியுமா? தகரம். 1901 முதல், தோட்டத்தின் எண்ணையும் ஆளின் எண்ணையும் பொறித்த தகர வில்லையைக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவது, 'துண்டு'. அவன் பட்ட கடனை எழுதிய சீட்டு. துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அதை 1921-ல்தான் ஒழித்தார்கள். ஆக, அரசும் முதலாளியும் இவனுக்குக் கொடுத்த காகிதமெல்லாம் இவனைப் பிடித்து வைக்கக் கொடுத்தவை. இவனுக்கு உரிமை தருகிற காகிதம் ஒன்றையும் யாரும் கொடுக்கவில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1931-ல் இலங்கைக்கு வயது வந்தோர் வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் நிரந்தரமாகக் குடியிருக்கிறானா என்ற நிபந்தனை. அதையும் தாண்டி 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அப்படி நாடாளுமன்றம் போனவர்தான். வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. கூலி என்று நினைத்தவன் ஓட்டுப் போட்டால் என்ன ஆகும் என்பதை ஆளும் வர்க்கம் அந்தத் தேர்தலில் பார்த்தது.

மறு வருஷமே வந்தது 1948 குடியுரிமைச் சட்டம். நீ இங்கே பிறந்தாயா என்று அது கேட்கவில்லை. உன் அப்பன் இங்கே பிறந்தானா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா, அதற்குக் காகிதம் எங்கே என்று கேட்டது. லயத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்று யார் எழுதி வைத்தார்கள்? 1949-ல் இன்னொரு சட்டம்: விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டது சுமார் 1,34,000 பேருக்கு. நடுவில் ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தாயே, கூப்பிட்ட நாளில் ஏன் வரவில்லை என்று காரணங்கள். அதே 1949-ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி வாக்காளர் பட்டியலிலிருந்து தள்ளினார்கள். அதற்குப் பிறகு 1977 வரை மலையக மக்களின் ஓட்டில் அவர்களுடைய ஆள் ஒருவர்கூட நாடாளுமன்றம் போகவில்லை.

தமிழர் ஒற்றுமை என்று பேசுகிறவர்கள் இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் 1948-லேயே அந்த அரசில் அமைச்சரானார். செல்வநாயகம் பிரிந்து வந்து தமிழரசுக் கட்சி தொடங்கினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆதிக்கசாதித் தலைமைக்குத் தோட்டத்துத் தமிழன் 'தோட்டக்காட்டான்'தான். மொழி ஒன்றாக இருந்தது. சாதி குறுக்கே நின்றது.

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட மாட்டைத் தொட்டுப் பார்ப்பான். இரண்டு ஜனநாயக நாடுகள், சம்பந்தப்பட்ட மக்களை ஒரு வார்த்தை கேட்காமல் இதைச் செய்தன.

கப்பல் மண்டபத்துக்கு வந்தது. ஒரு காலத்தில் கூலிகளை அடைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய அதே மண்டபம் முகாம், அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத் திருப்பி வாங்கியது. 1983-க்குப் பிறகு அகதிகளை வாங்கியதும் அதேதான். வந்தவர்களைக் கூடலூர், கோத்தகிரி, குன்னூர், வால்பாறைப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் கொஞ்சம் பேரைக் குடியமர்த்தினார்கள். இன்னும் கொஞ்சம் பேர் கர்நாடகத்தின் சுள்யா, புத்தூர் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். வியாபாரக் கடன் என்று கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து இறக்கிவிடப்பட்டவர்கள் பல ஊர்களில் சிதறிப்போனார்கள். அங்கே 'கள்ளத்தோணி' என்று திட்டு வாங்கியவனுக்கு இங்கே 'சிலோன்காரன்' என்று பேர். அவன் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் பூர்வீக ஊர் எது, தாத்தாவுக்குச் சான்று உண்டா என்று கேள்வி. கவனியுங்கள், கொழும்பில் கேட்ட அதே கேள்விதான். தீண்டாமை கடலைத் தாண்டி அவன் கூடவே போய்த் திரும்பி வந்தது. அதற்குரிய பாதுகாப்பு மட்டும் கூட வரவில்லை.

இப்போது ஆய்வுகளுக்கு வருகிறேன். குடியுரிமைச் சட்டம் பற்றி, ஒப்பந்தம் பற்றி, அகதிகள் பற்றி நல்ல புத்தகங்கள் உண்டு. வள்ளி கணபதிப்பிள்ளை எழுதியதும், சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து சூரியநாராயண் எழுதியதும் படிக்க வேண்டியவை. அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பொதுவாக ஒரு வேலைப் பிரிவினை இருக்கிறது பாருங்க. அரசியல் படிக்கிறவர் குடியுரிமையை எழுதுவார். அங்கே 'இனம்', 'தேசம்' இரண்டும் வரும். மானிடவியல் படிக்கிறவர் சாதியை எழுதுவார். அது லயம், கல்யாணம், கோயில் திருவிழா என்று தோட்டத்துக்குள்ளேயே நின்றுவிடும். இரண்டையும் சேர்த்துக் கேட்கிற கேள்வி அபூர்வம். சட்டம் கேட்ட காகிதம் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை? நிலம் இருந்தவனிடம் பத்திரம் இருந்தது. பள்ளிக்கூடம் போனவனிடம் சான்றிதழ் இருந்தது. இரண்டும் மறுக்கப்பட்ட சாதியிடம் கைநாட்டுத்தான் இருந்தது. சட்டத்தில் சாதி என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் அது சாதியைக் கண்டுபிடித்துத் தள்ளியது.

இது பழைய இலங்கைக் கதை என்று நினைத்தால் ஏமாந்து போவோம். இந்தியாவில் 1955 சட்டப்படி இந்த மண்ணில் பிறந்தாலே குடிமகன். 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவனுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்றானது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்தவனுக்கு, இன்னொருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்பதும் சேர்ந்தது. பிறந்த மண்ணிலிருந்து அப்பன் ஆத்தாளின் காகிதத்துக்குப் போகிற இந்தப் பாதை கொழும்பு 1948-ல் போன பாதை. அசாமில் 2019 ஆகஸ்டில் வந்த பதிவேட்டில் 19 லட்சம் பேர் இல்லை. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டம் மதம் பார்த்துக் குடியுரிமை தந்தது. முஸ்லிம்களை விட்டது, இலங்கையிலிருந்து வந்தவர்களையும் விட்டது. 2025-ல் பீகாரில் வாக்காளர் பட்டியலைத் திருத்தியபோது வரைவிலேயே 65 லட்சம் பெயர்கள் போயின. செத்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவு என்று விளக்கம் சொன்னார்கள். இடம் மாறுகிறவன் யார்? பிழைப்புக்குப் போகிற கூலிதான். அந்த வருஷக் கடைசியில் தமிழ்நாட்டிலும் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். நம்மில் எத்தனை பேருடைய தாய் தகப்பனுக்குப் பிறந்த தேதி தெரியும்? வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட ஜூன் மாதம்தானே பல பேருக்குப் பிறந்த நாள்?

திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்த மலையக வம்சாவளியினரின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. 2021-ல் முகாம் என்ற பேருக்கு முன்னால் 'மறுவாழ்வு' சேர்ந்தது. 2025-ல், 2015 ஜனவரிக்கு முன்னால் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்குத் தந்தார்கள். தண்டிக்காமல் விடுவது வேறு, உரிமை தருவது வேறு.

கடைசியாக, மறுபடியும் இந்தத் தெருவுக்கு வருகிறேன். ரங்கநாதன் தெருக் கடைகளிலும் புதிதாக எழும்புகிற கட்டடங்களிலும் பீகார், ஒடிசா, வங்காளத்துப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். 'வடக்கன்' என்கிறோம். நம்ம தோழர்களே சொல்றாங்க, வருத்தத்தோடுதான் சொல்கிறேன். அவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். அங்கே முசகர், இங்கே வெறும் வடக்கன். பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனிப் பட்டியல். ஒரு மாநிலத்துச் சான்றிதழோடு இன்னொரு மாநிலத்தில் ஒதுக்கீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொல்லிவிட்டது. இழிவு அவனோடு ரயில் ஏறி வருகிறது. ஒதுக்கீடு எல்லையில் இறங்கிவிடுகிறது.

'அவன் குறைந்த கூலிக்கு வந்து நம் வேலையைப் பிடுங்குகிறானே' என்று கேட்பீர்கள். நியாயமான வயிற்றெரிச்சல்தான், தட்டிக் கழிக்க மாட்டேன். ஆனால் குறைந்த கூலியை நிர்ணயிப்பவன் யார்? ஒப்பந்தக்காரன். அவனை விட்டுவிட்டு வந்தவனைப் பிடிப்பதென்றால், 1921-ல் புளியந்தோப்பில் நம்மைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இன்று நம் வாயால் சொல்கிறோம் என்று அர்த்தம். ஒரே சங்கம், ஒரே கூலி என்று கேட்பதுதான் நம் வழி. கஷ்டமான வழி, மொழி தெரியாது, தெரியும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் என்ன காகிதம் இருக்கிறது, என்ன இல்லை, ஏன் இல்லை என்று பாட்டியைக் கேட்டு எழுதுங்கள். கூடலூர், கோத்தகிரி போங்கள். கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையை இன்னும் துணியில் சுற்றி வைத்திருக்கிற கிழவிகள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரனிடம் அவன் சாதியை மரியாதையாகக் கேளுங்கள், நம்முடையதையும் சொல்லுங்கள். இந்த ஆய்வை நாம் செய்யவில்லை என்றால், காகிதம் வைத்திருக்கிறவன்தான் காகிதம் இல்லாதவனைப் பற்றித் தொடர்ந்து எழுதிக்கொண்டிருப்பான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். விவாதிக்கலாம்.