கணிப்பொறி பேசாதபோது

(மங்கலம்பேட்டையில், சுற்றுவட்டார ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



காதால் கேட்ட செய்தி கழனியில் விளைச்சலாக மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1960-களில் திருச்சி வானொலி, ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பற்றி எடுத்துரைத்தது. கேட்டுப் பயிரிட்ட தஞ்சை உழவர்கள் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். இன்று நிலக்கடலை, முந்திரி முதலிய பயிர்களைப் பற்றிய உரைகளை வேண்டிய நேரத்தில் வீட்டுக் கணிப்பொறியிலேயே கேட்கலாம்.

ஆயினும், சில வேளைகளில் படம் ஓடுகிறது; ஒலி வருவதில்லை. உடனே பெட்டி கெட்டுவிட்டதென்று கடைக்குத் தூக்கிச் செல்கிறோம். பணம் செலவாவது ஒருபுறமிருக்க, மருந்து தெளிக்க வேண்டிய வாரமும் கடந்துவிடுகிறது. மோட்டார் ஓடாவிட்டால் முதலில் பியூஸைத்தானே பார்க்கிறோம்? இங்கும் அம்முறையே ஏற்றது. கடைமடையிலிருந்து மதகு வரை வாய்க்காலைப் பார்த்துச் செல்வதுபோல, ஒலி வரும் வழியைப் பின்னோக்கி ஆராய வேண்டும்.

முதலாவது, ஒலிபெருக்கிக்கு மின்சாரம் வருகிறதா, அதன் திருகு குறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் கம்பியைக் கைபேசியில் செருகிப் பாட வைத்தால் ஐயம் தீரும். அங்கே ஒலித்தால் ஒலிபெருக்கியில் குற்றமில்லை.

இரண்டாவது, செருகும் துளை. மேசைக் கணிப்பொறியில் பெரும்பாலும் பச்சை நிறத் துளையே ஒலி வெளிவரும் வழி. இளஞ்சிவப்பு, மைக்குக்கு உரியது. முன்புறத்தில் காதுக்கருவி செருகியிருந்தால் ஒலி அதற்குள்ளேயே அடங்கிவிடக்கூடும்.

மூன்றாவது, திரையின் அடியில் வலக்கோடியில் உள்ள ஒலிபெருக்கிக் குறி. அதில் குறுக்குக்கோடோ பெருக்கல் குறியோ இருந்தால் ஒலி அடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். படம் ஓடும் கட்டத்திலும் இத்தகைய குறி தனியே உண்டு. இரண்டையும் திறக்க வேண்டும்.

நான்காவது, பலர் கவனியாதது. எச்.டி.எம்.ஐ. கம்பியால் திரையை இணைத்திருந்தால், ஒலி அந்தத் திரைக்கே போய்விடக்கூடும். திரையில் ஒலிபெருக்கி இல்லையெனில் ஒன்றும் கேளாது. புளூடூத் கருவிக்கும் இவ்வாறு ஒலி திசைமாறுவதுண்டு. ஒலிக்குறியை அழுத்தி, சரியான ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஐந்தாவது, வேறொரு பாட்டை ஓடவிடுங்கள். அது ஒலித்தால் குறை முதற்பதிவில்தான். எதுவும் ஒலிக்காவிடில் கணிப்பொறியை அணைத்து மீண்டும் இயக்குங்கள். விண்டோஸ் புதுப்பிக்கப்பட்டபின் ஒலி நின்றிருந்தால், ஒலிக்கருவியை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருளைச் சீர்செய்ய வேண்டியிருக்கலாம். அதனை நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெறுக. ‘இலவசம்’ என்று கண்ணைக் கவரும் விளம்பரங்களைத் தொடாதீர்கள். அவற்றின் வழியே கேடு நுழையும்.

ஒலி கரகரத்தால், தளர்ந்த செருகியையோ எலி கடித்த கம்பியையோ தேடுங்கள். மின்சாரத்தைத் துண்டிக்காமல் கம்பியைத் தொட வேண்டாம். பெட்டியையும் பிரிக்க வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பாருங்கள். பலவற்றை ஒருசேர மாற்றினால், எது குற்றமென்று விளங்காது. இவ்வைந்தையும் ஓர் அட்டையில் எழுதி, ஊராட்சி அலுவலகக் கணிப்பொறியின் அருகில் ஒட்டிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இவற்றுக்குப் பின்னும் ஒலி வராவிடில், தயங்காமல் பழுது பார்ப்பவரை அழையுங்கள். எவற்றையெல்லாம் பார்த்தாயிற்று என்பதை அவரிடம் சொன்னால், அவர் வேலையும் குறையும், உங்கள் செலவும் குறையும்.